கண்ணில் ஊற்றிய என் மில் எண்ணெய்

போன வருஷம் மார்கழியில், நாகர்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நடந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தேங்காய் சுமந்தே முன்னுக்கு வந்து, இராஜாக்கமங்கலம் பக்கத்தில் சொந்தமாக எண்ணெய் மில் போட்டவன். எந்த மெஷின் நின்றாலும் மெக்கானிக்கைக் கூப்பிடாமல் நானே ஓட வைத்துவிடுவேன். அப்படிப்பட்டவனுக்குக் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தல், எரிச்சல். சும்மா இருக்கும்போதே தண்ணீர் வடியும்.

டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார். "கண் வறட்சி. இமையில எண்ணெய் வரல" என்றார். தண்ணீர் கொட்டுகிற கண்ணில் என்ன வறட்சி என்று நான் வாய் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். சொட்டு மருந்தை வாங்கினேன். சீட்டில் அதற்குக் கீழே இங்கிலீஷில் இன்னும் ஏதோ எழுதியிருந்தது. இன்னொருவரிடம் காட்டி வாசிக்கச் சொல்ல என் கௌரவம் விடவில்லை.

எண்ணெய்தானே இல்லை? மில்காரனுக்கா பஞ்சம்! நான் ஆட்டிய சுத்தமான தேங்காய் எண்ணெயை இரண்டு கண்ணிலும் விட்டேன். மூன்றாம் நாள் இமை வீங்கி, வீட்டுக்காரியின் முகமே புகையாகத் தெரிந்தது. "கடைசியில ஒங்க கண்ணையும் செக்குல போட்டு ஆட்டியாச்சா?" என்று திட்டிக்கொண்டே அவள் ஆட்டோ பிடித்தாள். பார்வை போய்விட்டதோ என்று வழியெல்லாம் ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்தேன்.

"யாரு உங்கள எண்ணெய் விடச் சொன்னது?" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

"நீருதானே ஓய் எண்ணெய் இல்லன்னு சொன்னீரு!" என்று நானும் சத்தம் போட்டேன்.

நல்லவேளை, கருவிழியில் புண் இல்லை. அங்கிருந்த நர்ஸ்தான் என்னை உட்கார வைத்துச் சொன்னாள். "பாட்டா, எண்ணெய் இல்லாம இல்ல. இமைக்குள்ள கட்டியாக் கெடக்கு. அது வெளிய வராமக் கண்ணு காஞ்சு உறுத்துறதுனாலதான் தண்ணி வடியுது. இந்தக் குளிருல குப்பியில தேங்கெண்ண ஒறஞ்சா என்ன செய்விய?"

"வெயில்ல வப்பேன்."

"அதுதான். வெதுவெதுப்பான துணிய மூடின கண்ணு மேல வச்சு, பொறவு இமைய லேசாத் தடவி விடுங்க."

அதில் சரியாகாவிட்டால் மாத்திரை உண்டு, மெஷினால் சூடு கொடுத்து அடைப்பை எடுப்பதும் உண்டு, ஆனால் முதலில் இதுதான் என்றாள். சீட்டில் சொட்டு மருந்துக்குக் கீழே எழுதியிருந்ததும் இதேதானாம்!

காலையும் மாலையும் பத்து நிமிஷம் செய்தேன். இரண்டு மாதத்தில் உறுத்தல் அடங்கியது.

இதைத் தமிழில் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? அந்த டாக்டர் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. கேட்க வெட்கப்பட்ட என் மேல் அதைவிடக் கோபம். இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், வெளியே காத்திருப்பவர்கள் எவ்வளவு திட்டினாலும் சரி, எனக்குப் புரிகிறவரை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.