காதில் விழும் தூரம்

எண்பதுகளில் ஒருநாள், மலேசியாவில் பீடோரிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் மூன்று பேனா, மூன்றுக்கும் மூடியில்லை. மடியில் கம்ப்யூட்டர் அச்சடித்த காகிதக் கட்டு. அதன் ஓரத்து ஓட்டைப் பட்டையைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அது என்ன காகிதம் என்று கேட்டேன்.

“கம்ப்யூட்டருக்குள்ள நெறைய புரோகிராம் இருக்கு. மேல நின்னு ஏவுற மண்டோர் இல்லாம அதுங்களே பேசி வேலைய பிரிச்சுக்கணும். ஆனா ஒண்ணு உதவி கேட்டா எல்லாமே அங்க ஓடிடுதுலா. மத்த வேலை அப்படியே கெடக்கு.”

நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள் என்றதும் திரும்பினார். “திடீர்னு மழை வந்தா என்ன செய்வீங்க, அக்கா?”

“பிந்திட்டவ சத்தம் போடுவா. பக்கத்து மர நிரையில வெட்டுறவ ஓடிப்போய், மழைத்தண்ணி கலக்குறதுக்குள்ள கோப்பையில இருக்கிற பாலை எடுத்துக் கொடுப்பா. தூரத்துல உள்ளவங்களுக்குக் கேக்காது. அவங்க வேலைய அவங்க பாப்பாங்க.”

விரல் நின்றது. “எல்லாருக்கும் கேக்க வச்சதுதான் என் தப்பு!” அந்தப் பட்டையிலேயே எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: “பக்கத்து நிரையில ஆளே இல்லன்னா?”

அவருடைய புரோகிராம்கள் அதற்கு என்ன வழி கண்டனவோ, இன்றும் யோசிக்கிறேன். அன்று நான் ஈப்போவில் ஃபேக்டரி வேலை கேட்கப் போய்க்கொண்டிருந்தேன். என் பக்கத்து நிரைக்காரியிடம் அதைச் சொல்லவில்லை.