முதுகில் நான்கு வட்டங்கள்

அலுவலகக் கேன்டீனில் பாத்திரம் கழுவும் அவளுக்குச் 'சிடுமூஞ்சி' என்று பேர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. வைத்தவரைக் குறை சொல்லவும் முடியாது. தட்டில் கரண்டி கிறீச்சிட்டால் அவளுக்குப் பல் கூசும். எவராவது டீயை உறிஞ்சிக் குடித்தால் கழுத்து நரம்பு புடைக்கும். ரவிக்கையின் கழுத்துத் தையல், சொட்டும் குழாய், தோளைத் தட்டித் தட்டிப் பேசும் சமையல்காரர், எல்லாமே எரிச்சல்.

"ஏம்மா, காத்தடிச்சாக் கூட உனக்குக் கோவம் வருமா?" என்பார் சமையல்காரர்.

"காத்து பரவால்ல. நீங்க வாய மூடினாப் போதும்."

உலகத்தில் அவளுக்கு எரிச்சல் தராதவை இரண்டே இரண்டு. ஒன்று, எந்நேரமும் காலோடு ஒட்டிக்கொண்டு திரிந்ததால் பிசின் என்று அவள் கூப்பிட்ட சாம்பல் பூனை. இன்னொன்று புருஷனின் விரல்கள். முதுகில் எட்டாத இடத்தில் அரித்தால் போதும், சொல்லாமலேயே சரியான இடத்தில் சொறிந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

அவர் கோட்டு தைக்கிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. அவருக்கு எரிச்சல் அந்தப் பூனைதான். கறுப்புத் துணியெல்லாம் சாம்பல் முடி. ஒரு வாடிக்கையாளர் புதுக் கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நான் துணிதானே குடுத்தேன், தோலா குடுத்தேன்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு வந்தது கோபம்.

"இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்!"

"அப்ப நீங்க எங்க போவீங்க?" என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் கைகள் கெட்டுப்போயின. விரலிடுக்கில் அரிப்பு, அப்புறம் கொப்புளம், அப்புறம் வெடிப்பு. கூடவே பாத்திரம் கழுவும் குட்டையக்கா, "உள்ளங்கை அரிச்சா பணம் வரும்பாங்க. நீ இந்நேரம் இந்தக் கேன்டீனையே வாங்கியிருக்கணுமேடி" என்று சிரித்தாள். சோப்புத் தண்ணீரின் வேலை என்று நினைத்து, கேன்டீனில் புதிதாகக் கொடுத்திருந்த ரப்பர் கையுறையை அவள் இன்னும் மேலே, முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். குறையவில்லை. வீட்டுப் பாத்திரத்துக்கும் அதையே போட்டாள். இன்னும் கூடியது.

தோல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "நீங்க தொடுற ஏதோ ஒண்ணு ஒத்துக்கல. எல்லாத்துலயும் கொஞ்சம் கொண்டு வாங்க, முதுகுல ஒட்டிப் பாத்துரலாம்" என்றார். சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், கையுறையில் ஒரு துண்டு என்று அவள் கொண்டுபோனாள். கூட வந்த புருஷன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார்.

"பூனை முடி டாக்டர். இதையும் ஒட்டுங்க."

நர்ஸ் மேலிருந்து கீழாக ஒட்டி, சுற்றிலும் மையால் வட்டம் போட்டாள். சோப்பு, எண்ணெய், கையுறை, கடைசியில் பூனை. இரண்டு நாள் கழித்துப் பட்டையைப் பிரித்து, எந்த வட்டம் சிவந்திருக்கிறது என்று வந்து காட்ட வேண்டும். அன்றைக்குப் பார்த்துக் கேன்டீனில் ஆளில்லை, லீவு கிடைக்கவில்லை.

"நான் பாத்து நர்ஸுக்குப் போன்ல சொல்லிடறேன்" என்றார் புருஷன்.

"ஒரு கண்ணாடி குடுங்க, நானும் பாக்கறேன்."

"கண்ணாடி எதுக்கு? நான் இருக்கேனே."

திரும்பி உட்கார்ந்தாள். பட்டையைப் பிரித்ததும் அவர் விரல் மெல்லக் கீழே இறங்கிக் கடைசி வட்டத்தில் நின்றது. "அட, பூனைதான். தீயாச் சிவந்திருக்கு."

"கொஞ்சம் மேலதானே அரிக்குது?"

"முதுகுல அரிச்சா இடம் சரியாத் தெரியாது."

முதுகைப் பற்றி அவருக்குத் தெரியாததா? நம்பினாள். மாலையே பிசினைக் கூடையில் வைத்து, நாலு தெரு தள்ளியிருந்த கிடங்குக் காவலாளியிடம் விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "கை முக்கியமா, பூனை முக்கியமா?" என்று அவர் சமாதானம் சொல்லி, அவள் கைக்கு மருந்து தடவிவிட்டார்.

பூனை போயும் கை ஆறவில்லை. அந்த வாரக் கடைசியில், வேலைக்குப் போடும் சட்டையை அவள் மாற்றும்போது குட்டையக்கா கத்தினாள்.

"என்னடி இது, மூணாவது வட்டத்துல தோலே உரிஞ்சு கிடக்கு!"

"மூணாவதா? கடைசி இல்லையா?"

"கடைசி சுத்தமா இருக்கு. சந்தேகம்னா நீயே பாரு." போனில் படமெடுத்துக் காட்டினாள். நர்ஸ் போட்ட மை இன்னும் அழியவில்லை. மூன்றாவது வட்டம்தான். கையுறை.

"கையைக் காப்பாத்தப் போட்டது கையையே தின்னிருக்கு. வேலியே பயிரை மேஞ்ச கதை!" என்றாள் குட்டையக்கா. அவள் நினைத்தது கையுறையை அல்ல, கடைசி வட்டத்தில் வந்து நின்ற விரலை.

நேராகக் கிடங்குக்குப் போனாள். காவலாளி தலையைச் சொறிந்தார். "மறுநாளே கயித்தை அறுத்துட்டு ஓடிருச்சும்மா. தேடிப் பிடிச்சுட்டு வரட்டுமான்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். விடுப்பான்னுட்டாரு."

வீட்டில் அவர் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அளவு பார்க்கும் பெரிய கண்ணாடியைப் பார்த்தபடி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க. எந்த வட்டம்?"

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதான் சொன்னேனே, கடைசி வட்டம்."

"குட்டையக்கா பாத்துட்டா. காவலாளியையும் பாத்துட்டேன்."

ஊசி நின்றது. "ஒரு பூனைக்கா இவ்வளவு கோவம்?" என்றார்.

"கோவமா? கோவம் வந்தா நான் கத்துவேன்." அவள் குரல் உயரவே இல்லை. "என் கை வெடிச்சு ரத்தம் வர்றத தெனம் பாத்துக்கிட்டு, மருந்தும் தடவிவிட்டீங்களே. என் முதுகு என் கண்ணுக்குத் தெரியாதுன்னுதானே உங்ககிட்ட காட்டினேன்?"

அவர் எழுந்து வந்து, பழக்கத்தில் அவள் முதுகுப் பக்கம் கையை நீட்டினார். அவள் விலகிக்கொண்டாள்.

சமையலறைக்குப் போனாள். நடுமுதுகில், கை எட்டாத அந்த இடத்தில், பிடுங்கி எடுத்தது அரிப்பு. முன்னறையில் அவர் சும்மாதான் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். அவள் கூப்பிடவில்லை. கதவு நிலையில் சாய்ந்து, மேலும் கீழுமாக முதுகைத் தேய்த்துக்கொண்டாள்.