பால்குடத்தன்று தீர்ந்துபோன க்ரீம்

எழுமலையில் அத்தை வீட்டில் எல்லோரும் அதை வெள்ளையாக்குகிற க்ரீம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது சன்ஸ்கிரீன். எனக்கு வெயில் ஆகாது. கொஞ்ச நேரம் நின்றாலே முகத்திலும் கழுத்திலும் தடிப்புத் தடிப்பாக எழும்பும். சொறிந்தால் நீர் கோத்துக்கொள்ளும். மதுரையில் தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த அந்த க்ரீமைப் பூசாமல் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக்கூட அனுப்பியதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் அத்தை ஊர்க் கோயிலில் பொங்கல் திருவிழா வந்தது. அந்த வருடம் நானும் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தார்கள். தலையில் குடத்தை வைத்துக்கொண்டு குடை பிடிக்க முடியாதே என்று, அம்மா புது ட்யூபாக வாங்கி வந்திருந்தாள்.

பால்குடத்தன்று காலையில் பையைத் திறந்தால் ட்யூப் சப்பளிந்து கிடந்தது. அம்மா அதைக் கத்தரிக்கோலால் வெட்டி உள்ளே விரலை விட்டு வழித்தாள். என் மூக்குக்குத்தான் காணும்.

யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. அத்தை மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள். முகம், கழுத்து, முழங்கை வரைக்கும் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம், திருவிழா பார்க்கிற சாக்கில், உசிலம்பட்டியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்குள் நிறம் ஏறிவிட வேண்டும் என்று விடிந்ததிலிருந்தே பூசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“என் க்ரீம எதுக்கு எடுத்த?” என்று கத்தினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தைதான் அம்மாவிடம் சொன்னாள். “ஒரு க்ரீமுக்கு இம்புட்டுக் கத்தலா? ஒரு நாள் வெயிலுக்கு ஒம் மக கருத்துப் போயிர மாட்டா.”

“கருக்குறதுக்கு இல்ல. அவளுக்குப் புண்ணாயிரும்” என்றாள் அம்மா. அத்தை அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமா மெடிக்கலுக்குப் போய் ஒரு டப்பா வாங்கி வந்தார். அதில் ஏழே நாளில் சிவப்பழகு என்று போட்டிருந்தது. அம்மா அதைத் திறக்கவே இல்லை.

நேர்ந்த குடத்தை நிறுத்தக் கூடாது என்று எல்லோருமாகச் சொல்லிவிட்டார்கள். மேளத்துக்குப் பின்னால் நடந்தேன். ஊரைச் சுற்றிக் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கன்னம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தன. சாயங்காலம் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கிப்போய், ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு உள்ளறையில் படுத்திருந்தேன். அம்மா விசிறிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். காபி டம்ளர்களின் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா என்று நினைக்கிறேன், பக்கத்தில் யாரிடமோ சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். “மாவு மில்லுல இருந்து நேரா வந்தாப்ல இருக்கு. பூச்சுக்கு அடியிலதான நெறம் இருக்கு.” இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

எனக்கு அது போதவில்லை. இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

கொல்லைப்புறத்தில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு அவள் எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். “அது வெள்ளையாக்காதா அத்த?” என்று அம்மாவிடம் கேட்டாள்.

“இல்லத்தா. வெயில் படாம காக்கும். அம்புட்டுத்தான்.”

துணியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். தேய்த்த தேய்ப்பில் அவள் கன்னம் கன்றிப்போயிருந்தது. அம்மா அவளை அருகே கூப்பிட்டு, எனக்கு வைத்திருந்த ஈரத்துணியில் இன்னொன்றைப் பிழிந்து அவள் கையில் கொடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் மதுரைக்குத் திரும்புகிற பஸ்ஸில் அம்மா தன் முந்தானையால் என் முகத்தை மூடிவிட்டிருந்தாள். அதற்குள்ளிருந்தே கேட்டேன். “ஏம்மா நீ திட்டவே இல்ல?”

அம்மா முந்தானையை என் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள். பிறகு, “யாரத் திட்டச் சொல்ற?” என்றாள்.

அம்மா நிஜமாகவே கேட்கிறாள் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

“அவளத்தான்” என்றேன்.