கோசோங் என்று எழுதிய வீடு

1. ஏழாம் கட்டம்

நகராண்மைக் கழகம் ஒன்றின் மதிப்பீட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். எந்தக் கழகம் என்பது வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒன்று. வீடு வீடாகப் போய், புதிதாக அறை கட்டியிருக்கிறார்களா, வாசல் போர்ச்சை நீட்டியிருக்கிறார்களா என்று பார்த்து, பாரம் என்கிற படிவத்தை நிரப்புவது என் வேலை. அதை வைத்துத்தான் சுக்காய் பிந்து, அதாவது வீட்டு வரி, போடுவார்கள். இப்போது அந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாரம் மலாயில் இருக்கும். ஏழாம் கட்டம், வீட்டின் நிலை: ஆள் இருக்கிறார்களா, காலியா. எட்டாம் கட்டம், கூடுதல் கட்டடம். கூடுதல் இல்லை என்றால் 0 போடச் சொல்வார்கள். நான் போடமாட்டேன். சுழியத்தை யாராவது 6 ஆக்கலாம், 8 ஆக்கலாம் என்று எனக்குக் கவலை. 'கோசோங்' என்று எழுத்தால் எழுதுவேன். மலாயில் சுழியத்துக்கும் அதுதான் சொல், காலி என்பதற்கும் அதுதான். தே ஓ என்கிற பால் இல்லாத தேநீரைச் சீனியும் இல்லாமல் கேட்டாலும் அதுதான்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒன்பது வீடுகள் கொண்ட ஒரு பழைய வரிசைக்குப் போனேன். நிலப் பயன்பாடு குடியிருப்பிலிருந்து வணிகத்துக்கு மாறிவிட்டதால் எட்டு வீட்டுக்காரர்கள் விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்பதாவதில் ஆரோக்கியசாமி என்ற பெரியவர் தனியாக இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எனக்குத் தே ஓ கலக்கிக் கொடுத்தார்.

எட்டு வீட்டுக்கும் ஏழிலும் எட்டிலும் கோசோங் எழுதிவந்த கை, ஒன்பதாவதுக்கும் அப்படியே எழுதிவிட்டது. மூன்று முறை சரிபார்த்தேன். இரண்டு கட்டத்திலும் ஒரே சொல், கண்ணில் படவில்லை.

2. கவுண்டரில்

மூன்று மாதம் கழித்து ஆரோக்கியசாமி சந்தையில் வாங்கிய மீன் பையோடு எங்கள் அலுவலகக் கவுண்டருக்கு வந்தார்.

"பாஸ், பாசாருக்குப் போயிட்டு வரேன், கேட்ல சங்கிலி போட்டிருக்கு."

ஆளில்லா வீடுகளில் கொசு சேரும், போதைக்காரர்கள் நுழைவார்கள் என்று பொதுப் பாதுகாப்புப் பிரிவு அவற்றைப் பூட்டும். பட்டியல் எங்கள் பாரத்திலிருந்துதான் போகும்.

"நோட்டீஸ் ஒட்டியிருப்பாங்களே, அங்கிள்?"

"ஒன்பது கேட்லயும் ஒட்டுனாங்க. ஆள் இல்லாத வீடுன்னு இருந்துச்சு. அப்ப எனக்கில்லன்னு விட்டுட்டேன். நான்தான் இருக்கேனே."

மேலதிகாரி கமலா மேடம் கோப்பை எடுத்தார். "இது உங்க கையெழுத்துதானே, மிஸ்டர் தனபாலன்? வீட்டைப் பாக்கப் போனீங்களா, தே ஓ ஆர்டர் பண்ணப் போனீங்களா?"

நான் சிரிக்கவில்லை. மேடமும் சிரிக்கவில்லை.

பூட்டைத் திறக்க, அவர் அங்கே குடியிருப்பதாக இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் மேலே போகும், ஒரு வாரம் ஆகும்.

"அக்கம்பக்கத்துல யாராச்சும் ரெண்டு பேரு, அங்கிள்," என்றார் மேடம்.

"அக்கம்பக்கம்தான் கோசோங் ஆச்சே, மேடம்."

"பிள்ளைங்க?"

"பையன் ஆஸ்திரேலியாவுல, பெர்த்ல இருக்கான்." வேறு யார் என்று விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். ஒரு விரல்தான் மடங்கியது. "ரொட்டிக்காரன் டெய்லி வருவான். பேரு தெரியாது."

ஒரு வாரம் எங்கே தங்குவீர்கள் என்று மேடம் கேட்டார். மீன் பையிலிருந்து ஐஸ் தண்ணீர் கவுண்டரில் சொட்டியது. முதல் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.

3. இரண்டாவது சாட்சி

அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், பூட்டிய கேட்டுக்கு வெளியே மதியம் மூன்று மணியிலிருந்து ரொட்டிக்காரருக்காகக் காத்திருந்தேன். நாலு ஐம்பதுக்கு ஹார்ன் சத்தம் கேட்டது.

ரொட்டிக்காரர் தன் மோட்டார் சைக்கிளின் ரொட்டிப் பெட்டி மேல் பாரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "அங்கிள் இருக்காரு பாஸ், எனக்குத் தெரியாதா? டெய்லி ஒரு பெங்காலி ரொட்டி. ஒன்னுதான். ரெண்டு எடுங்கன்னா, யாருக்குன்னு ஏசுவாரு லா."

சாட்சிப் பாரத்துக்காக அன்றுதான் இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஆறு மணிக்குப் பாதுகாப்புப் பிரிவு ஆட்கள் வந்து சங்கிலியை எடுத்தார்கள். மீன் கெட்டுப்போயிருந்தது.

எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. தவறு என்னுடையது என்று ஒரு வரியில் பதில் எழுதினேன்.

4. கற்றுக்கொண்டது

பாரத்தை நீங்களே மூன்று முறை படிப்பதைவிட, கிளம்புவதற்கு முன் அந்த வீட்டுக்காரருக்கு ஒரு முறை படித்துக் காட்டுங்கள்.

போன மாதம் என் வீட்டுக்கு ஒரு பெண் டேப்லெட்டோடு மதிப்பீட்டுக்கு வந்தார். மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது.

"எத்தனை பேரு, அங்கிள்?"

"ஒருத்தர்."

திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். 1 என்று இருந்தது. அந்தப் பெண் போன பிறகு கேட்டருகே நின்று எண்ணிப் பார்த்தேன். என் வரிசையில் பதினெட்டு வீடு. என்னைத் தவிர பதினேழு. எல்லாவற்றிலும் ஆள் இருக்கிறார்கள். நான் இங்கே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடக்கூடியவர் என்று எதிர்வீட்டு அம்மா ஒருவரைத்தான் சொல்ல முடிந்தது. இன்னொருவர் வேண்டும். எங்கள் சாலைக்கு ரொட்டிக்காரர் வருவதில்லை.