பச்சை வயரும் வெள்ளை வயரும்

அம்மாவின் தம்பி கேம்பர் வேன் ஓட்டிக்கொண்டு கேட்டி என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கலிஃபோர்னியாவில் பிளசன்டனிலிருந்து மூன்று நாள் ஓட்டி வந்திருந்தார். வேனுக்குப் பின்னால் மூடிய சின்ன டிரெய்லர் ஒன்று. ஒரு வீட்டுச் சாமான் முழுக்க அதற்குள் எப்படி அடங்கியது என்று அப்பா ஆச்சரியப்பட்டார். மாமி ஏன் வரவில்லை என்று நான் கேட்டேன். அம்மா என் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தாள். பதில் சொல்ல விரும்பாத கேள்விகளுக்கு எங்கள் வீட்டில் முறுக்குதான் பதில்.

நியூ ஜெர்சியில் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு நாள் தங்கிவிட்டுக் கிளம்புகிறேன் என்றார் மாமா. ஆனால் எங்கள் டிரைவ்வேயில் வேனை அளவுக்கு மீறி ஒடித்துத் திருப்பியதில் டிரெய்லர் மடங்கி வந்து பின் பம்பரில் மோதியது. வேனிலிருந்து டிரெய்லர் விளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பிளக் நொறுங்கி, வயர்கள் பிய்ந்து தரையில் தொங்கின. பிரேக் போட்டாலும் திரும்பினாலும் பின்னால் வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. சரிசெய்யாமல் ஃப்ரீவேயில் ஏறக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் இரண்டு வாரமானது. கேம்பர் வேனை வீட்டு வாசலில் நிறுத்தக்கூடாது என்பது எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதி. முதல் கடிதம் வந்தது, பிறகு இரண்டாவது. கடிதம் என்றாலே அம்மாவுக்குப் பயம். “இன்னும் எத்தன நாள்டா அந்த வயரையே நோண்டிட்டு இருப்ப? எப்பதான் கிளம்புவ?” என்று தினமும் மாமாவைக் கேட்டாள். அம்மாவுக்குத் தன் தம்பியைப் பிடிக்கவில்லை என்றே நான் முடிவு கட்டிவிட்டேன்.

எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. கணக்கில் என்ன மார்க் என்று கேட்காத ஒரே பெரியவர் அவர்தான். பேச்சே குறைவு. பள்ளி விட்டு வந்ததும் நான் வேனுக்கு அடியில் அவர் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வேன். பச்சை வலது பக்க விளக்குக்கு, மஞ்சள் இடது பக்கத்துக்கு என்று ஒவ்வொரு வயராகக் காட்டுவார். வெள்ளை வயரைத் தனியாகப் பிடித்து, “இது எல்லாத்துக்கும் பொது பாப்பா. இது போச்சுன்னா ஒண்ணுமே எரியாது” என்றார். அம்மா டீ தம்ளரோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் அவர் எங்களுக்குப் பரிசுகளாகக் கொடுத்தார். டிரெய்லரைத் திறந்து தன் கேமராவை அப்பாவுக்குக் கொடுத்தார். மறுநாள் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். எனக்கு டெலஸ்கோப் கிடைத்தது. கல்யாணத்துக்குப் போட்ட மோதிரத்தை அம்மாவிடம் நீட்டியபோது அவள் வாங்கவில்லை. “இதெல்லாம் உனக்கு வேணாமாடா?” என்றாள். “போற எடத்துல எதுக்குக்கா?” என்றார் மாமா. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓசியில் வந்த மோதிரத்தை வேண்டாம் என்கிறாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை வேலை முடிந்தது. புது பிளக் மாட்டி, வயர்களைச் சேர்த்து டேப் சுற்றியிருந்தார். மாமா வேனுக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட, நான் டிரெய்லருக்குப் பின்னால் நின்று, “லெஃப்ட் ஓகே! ரைட் ஓகே! பிரேக் ஓகே!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். கடைசி ஓகே சொன்ன பிறகுதான் உறைத்தது. இனி அவர் போய்விடுவார், காலையில் கிளம்புகிறார். நானே அதற்கு ஓகே சொல்லியிருக்கிறேன்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம், கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி, பள்ளிக்கூடக் கத்தரிக்கோலோடு வேனுக்கு அடியில் புகுந்தேன். பச்சை வயரை வெட்டினேன். ஒன்றுதான். ஒரு விளக்கு எரியாவிட்டால் ஒரு வாரம் கிடைக்கும் என்பது என் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா விளக்குகளைப் போட்டுப் பார்த்தார். வலது பக்கம் எரியவில்லை. இடது பக்கமும் எரியவில்லை. ஒன்றுமே எரியவில்லை. என் சின்னக் கத்தரிக்கோல் இவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டதா?

மாமா அடியில் புகுந்து பார்த்துவிட்டு மெதுவாக வெளியே வந்தார். கையில் இரண்டு வயர்த் துண்டுகள். ஒன்று பச்சை. இன்னொன்று வெள்ளை, அதன் நுனியில் மஞ்சள் தூள் கறை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கராஜ் வாசலில் நைட்டியோடு நின்றிருந்த அம்மாவைப் பார்த்தார்.

“அக்கா, கையையாவது கழுவிட்டு வந்திருக்கலாம்ல?”

“ஆமாடா, நான்தான் வெட்டினேன். இப்ப என்னாங்கற?” என்றாள் அம்மா. “நியூ ஜெர்சில எந்தக் கம்பெனி? பேரச் சொல்லு. நான் ஃபோன் பண்ணிக் கேக்கறேன்.”

மாமா வயர்த் துண்டுகளைத் தரையில் வைத்தார்.

“சொல்லுடா.”

“வேலையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா.”

“அப்ப எங்கடா போற?”

அவர் டிரைவ்வே சிமென்ட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர் நாயோடு நடந்து போனார். வழக்கமாக அவரைக் கண்டாலே நைட்டிக்கு மேல் துப்பட்டா தேடும் அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பழி முழுவதும் அம்மா மேல் விழுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. “க்ரீன் வயர் நான். ஒயிட் நாட் மீ” என்றேன்.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு நிற்கவில்லை, நடுவில் எங்கோ அது அழுகையாகிவிட்டது. வளர்ந்த ஆண் ஒருவர் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் கேட்டதில்லை. அப்பா வெளியே வந்து, எதுவும் கேட்காமல் வேன் சாவியை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

மாமா எங்கள் வீட்டில் ஏழு மாதம் இருந்தார். மூன்றாவது கடிதம் வந்தபோது, கடிதத்துக்கே பயந்த அம்மா சங்கத்து ஆபீசுக்கு நேரில் போய்ச் சண்டை போட்டாள். பலன் இல்லை. வேனையும் டிரெய்லரையும் ஊருக்கு வெளியே ஓர் இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் அப்பா அரை நாள் லீவு போட்டு மாமாவை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். முதுகுவலி என்று என்னிடம் சொன்னார்கள். நான் நம்பினேன். அவர் சோபாவில் உட்காரும்போதெல்லாம் முதுகுக்கு ஒரு தலையணை வைத்தேன். ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லாமல் அதில் சாய்ந்துகொள்வார். பிறகு காப்பெல் என்ற ஊரில் வேலை கிடைத்து அங்கேயே வீடு பார்த்துக்கொண்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

அம்மாவிடம் இதைப் பற்றி நான் கேட்பதற்குக் காலேஜ் முடிக்கும் வயது ஆகவேண்டியிருந்தது. “அவன் போறேன்னு சொன்ன எடத்துலேர்ந்து யாரும் திரும்பி வர்றதில்ல” என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கிருந்த கவலை வேறு. அடிதடியான விசாரணை ஒன்று வரும் என்று நாள் முழுக்கக் காத்திருந்தேன். வரவே இல்லை. மத்தியானம் அம்மா எல்லோருக்கும் பாயசம் ஊற்றினாள், எனக்கு இரண்டு கரண்டி கூடவே ஊற்றினாள். ஒரே தப்பை அம்மாவும் சேர்ந்து செய்துவிட்டால் வீட்டில் யாருக்கும் தண்டனை கிடையாது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, நிம்மதியாகக் குடித்தேன்.