அப்பா நின்ற பக்கம்

அப்பாவுக்கு ராசி இல்லை என்று முதலில் சொன்னவர் மாமா. அம்மாவின் தம்பி. அப்போது அவர் பாரிசுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலை செய்ய அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. லா சப்பலில் எங்கள் இரண்டு அறை வீட்டில், சமைக்கிற குசினிப் பக்கம் பாய் போட்டுப் படுத்தார். அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் புதன்கிழமைகளில் என்னையும் அண்ணாவையும் விளையாட்டுக்குக் கூட்டிப்போவது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கொலேஜ். இங்கே கொலேஜ் என்றால் பெரிய படிப்பு இல்லை. பதினொரு வயதில் உள்ளே போய்ப் பதினைந்தில் வெளியே வருகிற பள்ளிக்கூடம். நான் அதற்கு மேல் படிக்கவில்லை.

புதன்கிழமை பிற்பகல் வகுப்பு கிடையாது. கொலேஜ்களுக்கு இடையில் போட்டி நடக்கும். அண்ணா உதைபந்து. நான் கூடைப்பந்து. நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு மைதானம். வெளியே உதைபந்துத் திடல், அதை ஒட்டிக் கூடைப்பந்து மண்டபம். இரண்டு ஆட்டமும் ஒரே நேரம் தொடங்கும்.

அப்பா ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்குமுன் கொஞ்ச நேரம் ஓய்வு. மற்றவர்கள் அந்த நேரம் படுப்பார்கள். அப்பா புதன்கிழமைகளில் மெத்ரோ ஏறி மைதானத்துக்கு வருவார். வந்து சேரும்போது பாதி ஆட்டம் முடிந்திருக்கும். கை தட்டமாட்டார். கத்தமாட்டார். கழுவிக் கழுவி வெடித்த கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பார்.

ஆட்டம் முடிந்ததும் நாலு பேருமாக ரூ லூயி-பிளாங் தெருவுக்கு வருவோம். ஒரு தமிழ்க் கடையில் நின்றபடி மட்டன் ரோல்ஸ் சாப்பிடுவோம். அப்பா அங்கிருந்தே வேலைக்குப் போய்விடுவார். அதற்குள் மாமா செய்தி வாசித்து முடிப்பார். ரோல்ஸ் சுற்றிய கடதாசியைச் சுருட்டி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்வார். குரல் வானொலிக்காரர் குரலாகிவிடும்.

“வணக்கம் நேயர்களே. இந்த வார ஏற்ற இறக்கம். கூடைப்பந்து ஏறிட்டுது. உதைபந்து குப்புற விழுந்திட்டுது. விழுந்தவர் இஞ்சைதான் நிக்கிறார், மூக்கைத் துடைக்கிறார்.”

அண்ணா முறைப்பான். கடைக்காரர் சிரிப்பார். ஒரு வாரம் நான் மேலே, அவன் கீழே. இன்னொரு வாரம் மாறும். சில வாரம் இரண்டு பேரும் கீழே. அந்த வாரங்களில் மாமா துக்கச் செய்தி வாசிப்பார்.

குளிர் விடாத ஒரு புதன். மாமா செய்தியை நடுவில் நிறுத்தினார்.

“பொறுங்கோ. பிள்ளை, இண்டைக்கு அத்தான் எங்கை நிண்டவர்?”

“எங்கடை மட்சிலை.”

“தோத்தது ஆர்?”

“நாங்கள்.”

“போன கிழமை?”

“அண்ணாவின்ரை பக்கம்.”

“தோத்தது?”

“நான்தான்,” என்றான் அண்ணா. “அதுக்கு முதல் கிழமையும் அங்கைதான் நிண்டவர். அதுவும் தோல்வி.”

மாமா கடதாசியைக் கீழே வைத்தார்.

“அத்தான், குறை நினையாதேங்கோ. நீங்கள் நிக்கிற பக்கம் உருப்படாது.”

அப்பா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். “ஓம், இருக்கும்,” என்றார்.

அன்றிலிருந்து அது வீட்டில் சட்டம். அம்மா ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. அவருக்கு வீடுகள் துப்புரவாக்கும் வேலை, புதனும் உண்டு. ஆனாலும் தம்பி சொன்னதை உடனே ஏற்றுக்கொண்டார். “நான் இவரைக் கட்ட வந்து இறங்கின அண்டைக்கே மெத்ரோ ஓடேல்லை,” என்றார். அதையும் அப்பாவின் தலையிலேயே போட்டார்கள். அப்பா மறுக்கவில்லை.

நானும் நம்பினேன். பந்தோடு ஓடும்போது திரும்புவேன், கதவடியில் அப்பா நிற்பார். அதற்குப் பிறகு நான் எறிவது எதுவும் கூடைக்குள் விழாது. வேறு என்ன சாட்சி வேண்டும்?

மாமா சும்மா இருக்கிறவர் இல்லை. ஒரு வழி கண்டுபிடித்தார்.

“அத்தான், நீங்கள் மற்ற ரீமின்ரை பக்கம் போய் நில்லுங்கோ. அவங்கள் தோக்கட்டும்.”

அடுத்த புதன் அப்பா அப்படியே செய்தார். எதிர் அணிப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாருக்கு நடுவில் போய் நின்றார். அவரும் தங்கள் ஆள்தான் என்று அவர்கள் நினைத்தார்கள். ஒரு பெண் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவளுடைய மகள் எங்கள் கூடைக்குள் பந்தைப் போட்டபோது சந்தோஷத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அப்பாவும் மரியாதைக்குக் குலுக்கினார். அன்றும் நாங்கள் தோற்றோம்.

கடையில் நான் மாமாவைப் பிடித்தேன். “உங்கடை வழி சரிவரேல்லையே?”

“உடம்புதானடி அங்கை நிண்டது. மனம் இஞ்சை நிண்டிருக்கும். அத்தான், உண்மையைச் சொல்லுங்கோ. மனசுக்குள்ளை ஆருக்காகக் கும்பிட்டனீங்கள்?”

“கோப்பி நல்லாயிருந்தது,” என்றார் அப்பா.

பிறகு கடைசிப் போட்டி வந்தது. வென்றால் எங்கள் அணி நகரம் முழுவதற்குமான சுற்றுக்குப் போகும். தோற்றால் அந்த வருடம் அதோடு சரி. எனக்கு அது பெரிய விஷயம். வகுப்பில் நான் கடைசி வாங்கு. ஆசிரியர் கேள்வி கேட்டால் நாக்கு எழும்பாது. பந்து மட்டும்தான் என் சொல் கேட்டது.

போட்டிக்கு முதல் நாள் காலை, அப்பா வேலைக்கு வெளிக்கிடும்போது மாமா மறித்தார். நான் அறைக் கதவடியில் நின்றேன்.

“அத்தான், நாளைக்கு மட்டும் வராதேங்கோ. அந்தப் பக்கமும் வேண்டாம், இந்தப் பக்கமும் வேண்டாம். பிள்ளை பாவம்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“ஓம்,” என்றார். “நாளைக்குப் படுக்கிறன்.”

மறுநாள் நான் நன்றாக விளையாடினேன். கூடவே முரட்டுத்தனமாகவும் விளையாடினேன். ஆட்டம் முடியுமுன்பே ஐந்தாவது பிழை என்று நடுவர் என்னை வெளியே அனுப்பினார். அப்போது நாங்கள் பதினொரு புள்ளி முன்னால். வாங்கின் ஓரத்தில் போய் இருந்தேன். பக்கத்தில் கண்ணாடிக் கதவு. அதற்கு அப்பால் உதைபந்துத் திடலின் வேலி தெரியும். மாமா மற்றப் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கு அப்பால் அப்பா வந்தார்.

படுக்கிறேன் என்று சொன்னவர்.

முதலில் வேலியடிக்குப் போனார். அங்கே நின்ற ஒருவரிடம் ஏதோ கேட்டார். அந்த ஆள் ஒரு கையில் மூன்று விரலைக் காட்டினான். மற்றக் கையை வட்டமாக வளைத்துக் காட்டினான். மூன்றுக்குப் பூச்சியம். யாருக்குப் பூச்சியம் என்று கேட்கத் தேவையில்லை. அண்ணா திடல் நடுவில் இடுப்பில் கை வைத்துத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். வேலிப் பக்கம் அவன் பார்க்கவேயில்லை.

அப்பா அங்கிருந்து மண்டபத்துக்கு வந்தார். கதவைத் திறக்கவில்லை. கண்ணாடியில் நெற்றியை முட்டக் கொடுத்து உள்ளே பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. புள்ளிப் பலகையைப் பார்த்தார். நல்ல மீனா என்று செவுள் விரித்துப் பார்க்கிறவர் மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

வராதேங்கோ, வராதேங்கோ என்று நான் வாய்க்குள் சொன்னேன்.

அவர் திரும்பினார். நேரே வேலியடிக்குப் போய், பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார். எனக்குப் போன உயிர் வந்தது. நாங்கள் வென்றோம்.

கடையில் மாமா கடதாசியைச் சுருட்டினார். “வணக்கம் நேயர்களே, கூடைப்பந்து வானத்திலை” என்று தொடங்கியவர் அண்ணாவின் முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டார். அண்ணாவின் அணி மூன்றுக்குப் பூச்சியம் என்றே தோற்றிருந்தது. மூன்றாவது கோலை அடித்தது அண்ணா. தடுக்கப்போய்த் தன் கோலுக்குள்ளேயே அடித்துவிட்டான். கூட்டாளிகள் அவனோடு கதைக்காமல் போய்விட்டார்கள். அவன் ரோல்ஸைத் தொடவில்லை. இனி விளையாடப் போவதில்லை என்று பிரெஞ்சில் சொன்னான். உதைபந்துச் சப்பாத்துப் பையைக் கடை வாசல் குப்பைவாளிக்குள் போட்டான்.

அப்பா போய் அதை எடுத்தார். தட்டித் துடைத்தார்.

“நான் வந்தனான்,” என்றார்.

“அத்தான்!” மாமா பாய்ந்தார். “படுக்கிறன் எண்டெல்லே சொன்னனீங்கள்!”

“நித்திரை வரேல்லை. வந்து இவன்ரை பக்கம் நிண்டனான்.”

அண்ணா நிமிர்ந்தான். “எப்ப வந்தனீங்கள்?”

“துவங்கின உடனை.”

“அப்ப நான் அந்தப் பந்தை அடிக்கேக்கை நிண்டனீங்களே?”

“ஓம். நேர வேலியடியிலை.”

அண்ணாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. “பாத்தீங்களே! நான் அப்பிடி ஒருநாளும் அடிக்கிறதில்லை. ஏனப்பா வந்தனீங்கள்?”

“நீ அடிக்கமாட்டாய். எனக்குத் தெரியும். என்ரை பிழை. சாப்பிடு.”

“நான் சொல்லேல்லையே?” என்றார் மாமா, கடைக்காரரைப் பார்த்து.

அண்ணா ரோல்ஸை எடுத்தான். ஒன்று தின்றான். இன்னொன்றும் தின்றான். பையை வாங்கித் தோளில் மாட்டினான். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அப்பா வந்த உடனேயே அந்த ஆள் காட்டிய மூன்று விரலைக் கண்டவள் நான் ஒருத்திதான். பலகையைப் பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போனதையும் நான் ஒருத்திதான் கண்டேன். எது முதல் நடந்தது, எது பிறகு நடந்தது என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. என் மண்டைக்குள் வந்தது ஒன்றுதான். அப்பாவே வாயால் ஒப்புக்கொண்டுவிட்டார், இனி அடுத்த சுற்றுக்கு வரமாட்டார். நான் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.