சூரை மீனுக்கு ஓர் எண்

போன மாசம் கல்கத்தா டாலிகஞ்ச் தபாலாபீசில் என் குடும்ப விஷயம் மொத்தமும் பொதுச் சொத்தாகிவிட்டது.

கொச்சிக்கு டிரங்க் கால் போட்டிருந்தேன். டிரங்க் காலில் ரகசியம் பேசியவர் யாராவது உண்டா? கொச்சிக்குக் கேட்க வேண்டுமானால் முதலில் டாலிகஞ்சுக்குக் கேட்டாக வேண்டும்.

"என்னங்க, கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. சாப்பிட்டியா?"

"அத விடுங்க. சூரைக்குத் தனி நம்பர் வேணும்னா ஆதாரம் கேக்கிறாரு எங்க தலைவர் போஸ்-தா. எவ்வளவு வெளிநாட்டுக்குப் போகுதுன்னு காட்டணுமாம்."

"உங்க ஆபீஸ்லதானே கணக்கு இருக்கு?"

"எங்க கிட்ட வர்ற பேப்பர்ல வெறும் 'உறைந்த மீன்'னு எழுதியிருக்கான். அது சூரையா சுறாவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கொஞ்ச நேரம் கரகரவென்று கடல் இரைச்சல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அவர் குரல்.

"ஜெயா, வித்தவன் கணக்க விடு. வாங்கினவன் கணக்கப் பாரு. வாங்கின நாட்டுக்காரன் வரி போட்டிருப்பான். என்ன மீன்னு தெரியாம வரி போட மாட்டான்."

அடடா என்றிருந்தது. இவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டது சரிதான் என்று தோன்றும் தருணங்களில் இதுவும் ஒன்று. அதைச் சொல்லலாம், கூடவே துர்கா பூஜைக்காவது வருவீர்களா என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்... லைன் போய்விட்டது.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால், வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். மணியார்டர் பாரத்தோடு நின்ற ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல் வங்காளத்தில் கேட்டே விட்டார். தமிழ் தெரியாவிட்டால் என்ன, 'மீன்' என்ற சொல் வங்காளத்திலும் உண்டே.

"தீதி, எந்த மீனைப் பத்தி இவ்வளவு கவலை?"

"சூரை. கடல் மீன்."

"ஓ... கடல் மீனா."

அந்த 'ஓ'வில் என் மீது இருந்த அனுதாபம் முழுவதும் வடிந்துவிட்டது. நதி மீன் தின்று வளர்ந்த ஊர் இது. கடலில் பிடித்ததை மீன் என்று ஒப்புக்கொள்வதே பெரிய விஷயம்.

என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியில் அடிக்கடி தலை காட்டி, உடனே காணாமல் போகிறவர். மீன் ஆராய்ச்சியாளர். கொச்சியிலிருந்து ஆய்வுக் கப்பலில் ஏறினால் எப்போது இறங்குவார் என்று கப்பலுக்கே தெரியாது. கல்யாணமாகி நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைவிட அவர் சூரையோடு இருந்த நாட்கள் அதிகம்.

சரி, அந்த மீனில் அப்படி என்னதான் இருக்கிறது? ஓரிடத்தில் நிற்காது. ஒரு நாட்டின் கடலில் பிறந்து, இன்னொரு நாட்டின் கடலில் வளர்ந்து, மூன்றாவது நாட்டுக்காரன் தூண்டிலில் மாட்டும். எல்லாருக்கும் சொந்தம் என்பதால் யாருக்கும் பொறுப்பில்லை. பெரிய பெரிய படகுகள் வந்து அள்ளிப் போகின்றன. தீவுகளில் ஒற்றைத் தூண்டிலோடு நிற்கிறவர்களுக்கு வருஷா வருஷம் சின்ன மீனாகக் கிடைக்கிறதாம். எவ்வளவு பிடித்தாய் என்று பெரிய படகைக் கேட்டால் பதில் வராது. ஆனால் பிடித்ததை விற்றுத்தானே ஆக வேண்டும்? விற்றால் காகிதம் உண்டு. அந்தக் காகிதத்தைத் தொடர்ந்து போனால் கடலில் என்ன நடக்கிறதென்று ஓரளவு தெரியும். 'போதும், இனி குறை' என்று சொல்ல அதுதான் ஒரே வழி என்பார் அவர்.

இங்கேதான் நான் வருகிறேன். கிடர்பூர் பக்கம் என் ஆபீஸ். நாட்டிலுள்ள துறைமுகங்களின் சுங்கத் தாள்கள் எங்களிடம் வந்து குவியும். ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் எண் போடுவது எங்கள் செக்‌ஷனின் வேலை. இறாலுக்குத் தனி எண் உண்டு. தவளைக் காலுக்குக்கூடத் தனி எண் உண்டு. சூரை மட்டும் 'இதர மீன்கள்' என்ற தலைப்பில் பத்தோடு பதினொன்றாகக் கிடக்கிறது.

அதனால் அவரும் நானும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். எண் பட்டியலைத் திருத்தும் வருஷம் இது. சூரைக்குத் தனி எண் வாங்கிவிட்டு, வேலையை விட்டுவிட்டு, நான் கொச்சிக்கு ரயிலேறுவது. அம்மாவுக்குத்தான் இது புரியவே இல்லை. "ஒரு மீனுக்காக ரெண்டு ஊர்ல குடித்தனம் பண்றவங்க உலகத்துலயே நீங்க ரெண்டு பேருதான்டி" என்பாள். கெட்டிக்காரி. பதில் சொல்ல முடியாததாகத்தான் சொல்வாள்.

எங்கள் செக்‌ஷன் தலைவர் போஸ்-தா. 'தா' என்றால் அண்ணன். அவரோடு எல்லாப் பேச்சும் வங்காளத்தில்தான். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். ஜெயா என்ற என் பெயர் அவர் வாயில் 'ஜோயா'.

"ஜோயா, நிறைய வியாபாரம் நடக்கிற சரக்குக்குத்தான் தனி நம்பர்."

"நிறைய நடக்குதுன்னு எப்படித் தெரியும், போஸ்-தா?"

"நம்பர் இருந்தா தெரியும்."

"நம்பர் எப்பக் கிடைக்கும்?"

"நிறைய நடக்குதுன்னு தெரிஞ்சா."

இதைச் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாக டீ குடித்தார். எனக்குத்தான் தலை சுற்றியது.

மீனைக் கண்ணால் பார்த்தாலாவது மனசு இளகுமென்று, தூத்துக்குடிச் சித்தி அனுப்பியிருந்த மாசித் துண்டு ஒன்றைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். சூரையை அவித்து, புகைபோட்டு, வெயிலில் காய வைத்தால் மாசி. இலங்கைக்குப் போகிற சரக்கு. கல் மாதிரி இருக்கும்.

போஸ்-தா அதை மேஜையில் தட்டிப் பார்த்தார். 'டக்' என்றது.

"இது மீனா? மரக்கட்டை. யாரோ உன்ன நல்லா ஏமாத்தியிருக்காங்க."

சொன்னதோடு நிறுத்தவில்லை. ஃபேன் காற்றில் பறந்த தாள்களின் மேல் பாரமாக வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் தேங்காயோடு அரைத்துச் சம்பலாக வேண்டியது, கல்கத்தாவில் பேப்பர்வெயிட்டாக உட்கார்ந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால், மேஜையில் தாள்கள் சிதறிக் கிடக்கின்றன. எங்கள் ஆபீஸ் பூனை... எல்லா ஆபீசிலும் ஒன்று இருக்குமே, ஆளைவிட அதிக சர்வீஸ் போட்டது... அலமாரிக்கு அடியில் மாசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடித்துக்கொண்டிருந்தது. போஸ்-தா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மீன்தான்," என்றார் கடைசியில்.

ஆனால் எண் பட்டியலைத் திருத்தும் கமிட்டியில் பூனையின் சாட்சியம் செல்லாதே. அப்போதுதான் அந்த டிரங்க் கால். மறுநாளே லீவு போட்டுவிட்டு வியாபார நூலகத்துக்கு ஓடினேன். காளிகாட்டில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி பஸ் ஊர்ந்தது. இறங்கி நடந்தே போயிருக்கலாம். மீன் வாங்கும் ஒரு நாட்டின் இறக்குமதிப் புத்தகத்தைப் பிரித்தேன். சூரை என்று தனித் தலைப்பு. அதன் கீழே 'இந்தியாவிலிருந்து' என்று ஒரு வரி. எங்கள் புத்தகத்தில் அந்த நாட்டுக்கு நேரே இருந்ததோடு ஒப்பிட்டேன். எங்கள் 'இதர மீன்கள்' எல்லாவற்றையும் கூட்டினாலும், அவர்கள் வாங்கிய சூரை மட்டுமே அதைவிட அதிகம்.

நாம் விற்றதாகச் சொல்லாததை அவர்கள் வாங்கியிருக்கிறார்கள். அந்த மீன் எந்த வழியாகப் போனது?

போஸ்-தா முன்னால் இரண்டு கணக்கையும் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். பேனாவைத் தொடவில்லை. நான் விடவில்லை.

"போஸ்-தா, யாராவது இலிஷ் மீனை 'இதர'வில போட்டா நீங்க சும்மா இருப்பீங்களா?"

செக்‌ஷனே தட்டச்சை நிறுத்தியது. இலிஷ் என்றால் நம் உல்லம்; இந்த ஊருக்கு உயிர். அதைப் பற்றி இங்கே விளையாட்டுக்குக்கூட அப்படிப் பேசக்கூடாது. போஸ்-தா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேனாவை எடுத்தார். சிபாரிசு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

நேற்று முடிவு வந்துவிட்டது. சூரைக்குத் தனி எண்.

நான் ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பையில் வைத்துக்கொண்டுதான் ஆபீஸ் போயிருந்தேன். அதை வெளியே எடுப்பதற்குள் போஸ்-தா கூப்பிட்டார்.

"நம்பர் வாங்கிட்ட. நல்லது. அந்த நம்பரை யாரு போடுறது?"

"செக்‌ஷன்ல எல்லாரும்..."

"இங்க யாருக்கு உன் மீனைத் தெரியும்? எனக்கு மரக்கட்டைக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியல. தெரிஞ்சது பூனைக்கு. அத நிரந்தர வேலைல போட ரூல் இல்ல. ஒரு வருஷம் இருந்து எல்லாருக்கும் சொல்லிக்கொடு. இல்லேன்னா எல்லாம் பழையபடி 'இதர'தான்."

கடிதத்தைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன். அவர் சொன்னது சரி. அதுதான் வருத்தமே.

சாயங்காலம் கிடர்பூர் துறைமுகச் சுவரை ஒட்டி நடந்து வந்தேன். சுவருக்கு மேலே கப்பல்களின் உச்சி மட்டும் தெரிகிறது. ஏதோ ஒன்று புறப்படுவதற்காக ஊதியது. எந்தக் கப்பல் ஊதினாலும் எனக்கு ஒரு நிமிஷம் நடை நின்றுவிடும். அவர் ஏறுகிற கப்பல் இந்தப் பக்கமே வராது என்று தெரிந்தும். தெருவெல்லாம் பந்தலுக்கு மூங்கில் நட ஆரம்பித்துவிட்டார்கள். பூஜைக்கு ஊரே வீடு திரும்பும். கொச்சிக்குத் தந்தி கொடுத்தேன். அவர் கடலுக்குப் போயிருப்பதாக இன்று பதில் வந்தது.

இனி ஒரு சூரை எந்தத் துறைமுகத்தில் ஏறி எந்த நாட்டில் இறங்குகிறதென்று அரசாங்கத்துக்கே தெரியும். என் வீட்டுக்காரர்தான் இன்னும் 'இதர'வில் இருக்கிறார்.